நசரேயன்: கத்தி படாத தலையா, வெட்டுண்ட மரமா?

‘நசரேயன் என்றால் விரதம் பூண்டவன், அதனால்தான் இயேசு தலைமயிரைச் சிரைக்கவில்லை’ என்று எழுதும் பிரசுரங்களுக்கு நம்மிடம் பஞ்சமில்லை. படங்களில் அவருக்குத் தோள்வரை புரளும் கூந்தலையே சான்றாகக் காட்டி, ‘ஓவியர்களுக்கும் இது தெரிந்திருக்கிறது’ என்று முடிப்பார்கள். அண்மையில் கைக்கு வந்த ஒரு சிறுநூல் இன்னும் ஒரு படி மேலே போய், மேசியாவைப் பற்றிய தீர்க்கதரிசன உருவகங்கள் அத்தனைக்கும் இந்த விரதமே திறவுகோல் என்கிறது. இதை மறுக்காமல் விட்டால் நாளைக்கு அகராதியிலும் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

எழுதியவரை மட்டும் நோவதும் சரியில்லை. நம்முடைய பழைய திருப்புதல் அவருக்கு வாய்ப்பாக இரண்டு சொற்களை ஒரே எழுத்தில் வார்த்துக் கொடுத்திருக்கிறது. எண்ணாகமம் ஆறாம் அதிகாரத்தில் விரதத்துக்குப் பெயர் நசரேய விரதம். நியாயாதிபதிகள் 13இல் சிம்சோன் தாயின் வயிற்றிலிருந்தே நசரேயன். மத்தேயு 2:23இல் நாசரேத்தூரில் குடியேறிய இயேசுவும் நசரேயன். மூலத்தைப் பார்க்காதவர் மூன்றும் ஒன்றே என்று எண்ணுவதில் வியப்பில்லை. ஆனால் எபிரெயத்தில் விரதக்காரன் நாஸீர்; அதன் நடுமெய் ஸாயின். ஊர்ப்பெயரிலும், நான் கீழே சொல்லப்போகும் முளையின் பெயரிலும் நடுமெய் த்ஸாதே. இரண்டும் வேறு எழுத்து, வேறு ஒலி, வேறு வேர். தமிழில் இரண்டுக்கும் ச-வைத் தவிர வேறு கதியில்லை என்பது உண்மை. ஆனாலும் ‘நாசீர்’ என்று எழுதிப் பிரித்துக் காட்ட இடமிருந்தது. 1995இல் வந்த திருவிவிலியம் அப்படித்தான் பிரித்தது.

விரதக் கொள்கையை முதலில் தீர்த்துவிடுவோம். நாஸீருக்கு விதிக்கப்பட்ட தடைகள் மூன்று: திராட்சைக் கொடியிலிருந்து வரும் எதையும் தொடக்கூடாது, தலையில் கத்தி படக்கூடாது, பிணத்தை அண்டக்கூடாது. கானாவூர்க் கலியாணத்தில் தண்ணீரைத் திராட்சரசமாக்கியவர், போஜனப்பிரியன் என்றும் மதுப்பிரியன் என்றும் ஊரார் ஏசியவர், முதல் தடைக்குள் அடங்கமாட்டார். அந்த ஏச்சை லூக்கா எடுத்துச் சொல்லும் இடத்தில் அவருக்கு எதிரே மது அருந்தாதவராக நிற்பவர் யோவான் ஸ்நானகன். விரதக்காரனின் சாயல் அவருக்குத்தான் பொருந்தும். யவீருவின் மகள் இறந்துகிடந்தபோது கையைப் பிடித்துத் தூக்கினார். நாயீன் ஊர் வாசலில் பாடையைத் தொட்டார். மூன்றாவது தடையும் போயிற்று. மயிர் ஒன்றுதான் மிச்சம். அதற்கும் ஓவியச் சான்று கைகொடுக்காது. 3ஆம் நூற்றாண்டில் தூரா எவுரோப்பொஸ் வீட்டுக் கோயிலின் சுவரில் தீட்டிய கிறிஸ்து தாடியில்லாத, குட்டைமுடி இளைஞர். நீள்முடி பிற்கால வழக்கு.

எதிர்த்தரப்பின் கையில் கனமான ஆயுதம் ஒன்று உண்டு. அதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. மாற்கு 1:24இல் பிசாசு பிடித்தவன் ‘நசரேயனாகிய இயேசுவே’ என்று கூவிய மூச்சிலேயே அவரைத் தேவனுடைய பரிசுத்தர் என்றும் அழைக்கிறான். நியாயாதிபதிகள் 16:17இல் சிம்சோன் தன்னை நாஸீர் என்று சொல்லும் இடத்தை, எழுபதின்மரின் கிரேக்க மொழிபெயர்ப்புக்குரிய ஒரு கைப்படிவம் ‘நாஸிரையோஸ்’ என்று ஒலிபெயர்க்க, இன்னொன்று ‘தேவனுடைய பரிசுத்தன்’ என்று மொழிபெயர்க்கிறது. இரண்டையும் முடிச்சுப் போடுவது கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் மாற்கின் சொல் நாஸரேனோஸ், மத்தேயுவின் சொல் நாஸோரையோஸ். நாஸிரையோஸ் என்று யாரும் எழுதவில்லை. உயிரெழுத்தை விருப்பம்போல் மாற்றிக்கொள்ளலாம் என்றால் சொல்லாராய்ச்சியே வேண்டியதில்லை.

லேவியராகமம் 25ஐக் காட்டுவோரும் உண்டு. ஏழாம் ஆண்டு, நிலம் ஓய்ந்திருக்கும் ஓய்வு வருஷத்தில், கவாத்து செய்யாமல் விட்ட திராட்சைக் கொடிக்கு அங்கே நாஸீர் என்றே பெயர். ‘பாருங்கள், நாஸீரும் செடிதான்’ என்பார்கள். ஆம், செடிதான், அந்தச் செடிதான் அவர்கள் வழக்கைக் கெடுக்கிறது. நாஸீர் என்பது கத்தி படாதது. தலையானாலும் கொடியானாலும் இரும்பு தொடாமல் ஒதுக்கி வைத்தது. ஏசாயா காட்டும் மேசியாவோ கோடரி விழுந்தபின் எழுகிறவர். ஒன்று வெட்டப்படாததால் பெற்ற பெயர், மற்றது வெட்டப்பட்டதால் பெற்ற பெயர். இவ்விரண்டையும் ஒன்றாக்குகிறவர் உருவகத்தின் உயிர்நிலையையே தவறவிடுகிறார்.

அந்த மற்றச் சொல் நேத்ஸெர். ஏசாயா 11:1இல் வருகிறது. தனியாக அதிகாரத்தைத் திறந்து படித்தால் அதன் வலு தெரியாது. பத்தாம் அதிகாரத்தின் கடைசி இரண்டு வசனங்களிலிருந்து படிக்கவேண்டும். அங்கே அசீரியப் பேரரசு ஒரு காடு. உயர்ந்தவை முறிக்கப்படுகின்றன, அடர்ந்த காடு இரும்பினால் வெட்டுண்டு, லீபனோன் விழுகிறது. அந்த ஓசை அடங்குமுன்னே தாவீதின் தகப்பன் ஈசாயின் கட்டையிலிருந்து ஒன்று எழுகிறது. லீபனோனின் பெருமை கேதுரு. கேதுரு ஊசியிலை மரம், வெட்டினால் பொதுவாகத் தழையாது. பலஸ்தீனத்தின் ஒலிவமும் கர்வாலியும் அப்படியல்ல. அடியோடு சாய்த்தாலும் கட்டையைச் சுற்றிக் குருத்து விடும். அசீரியன் கேதுருவைப்போல் விழுவான், தாவீதின் வீடு ஒலிவத்தைப்போல் விழும் என்பதை அந்த நாட்டு உழவனுக்கு விளக்க வேண்டியிருந்திருக்காது. ஆறாம் அதிகாரத்தின் முடிவிலும் கர்வாலியின் அடிக்கட்டையைத்தான் ஏசாயா பரிசுத்த வித்து என்றார்.

கட்டைக்கு அவர் ஆண்ட சொல் கேஸா. எபிரெய வேதத்தில் மூன்றே இடங்களில் வருவது. அவற்றுள் ஒன்று யோபு 14. மரத்துக்கு நம்பிக்கை உண்டு, வெட்டுண்டாலும் தண்ணீரின் வாசனை பட்டால் மறுபடி தழைக்கும், மனிதனுக்கோ அது இல்லை என்று யோபு புலம்பும் இடம். ‘வெட்டுண்டால்’ என்பதற்கு அங்கே உள்ள வினை யிக்காரேத். தானியேல் 9:26க்கு வாருங்கள். மேசியா சங்கரிக்கப்படுவார் என்று நாம் படிக்கிற இடத்தில் எபிரெயம் சொல்வது: யிக்காரேத் மாஷியாக். அதே வினை, அதே வடிவம். ‘மேசியா வெட்டுண்பார்’ என்பதே நேர்பொருள். ஏசாயா 53இலும் ஊழியன் ஜீவனுள்ளோர் நாட்டிலிருந்து அறுக்கப்படுகிறான். அதற்கு வினை வேறு, கருத்து ஒன்று. அதே 53ஆம் அதிகாரம் அவனை வறண்ட நிலத்தில் எழும் இளஞ்செடி என்று தொடங்கியிருப்பதையும் சேர்த்துப் பாருங்கள். வெட்டும் தழைவும் இணைபிரியாமல் வருகின்றன. தானியேல் சொன்னவர் மேசியா அல்லர், கி.மு. 171ஐ ஒட்டிக் கொல்லப்பட்ட ஆசாரியன் ஓனியாஸ் என்று விளக்குவோர் பலர். இருக்கட்டும். ஆளைப் பற்றிய வழக்கு அது. நான் பார்ப்பது சொல்லை.

நேத்ஸெர் எபிரெய வேதத்தில் நான்கே முறை வருகிறது. ஏசாயா 11:1 ஒன்று. 60:21இல் கர்த்தர் நட்ட முளையாக மக்கள் கூட்டமே நிற்கிறது. தானியேல் 11:7இல் எகிப்திய அரச குடும்பத்தின் வாரிசு. ஏசாயா 14:19இல் கல்லறையிலிருந்து எறியப்பட்ட அருவருப்பான முளையாகப் பாபிலோன் ராஜா. ஆகவே அந்தச் சொல் வந்தாலே மேசியா என்று முழங்குவதும் பிழை. நல்ல முளை, கெட்ட முளை, அயலான் முளை எல்லாம் அதில் அடக்கம். வேரிலிருந்து தழைத்தது என்பது மட்டுமே அதற்குள் நிற்கும் பொருள்.

இந்த நல்ல முளை, கெட்ட முளை வழக்கு ஏட்டோடு நிற்கவில்லை. பாபிலோனியத் தால்முத்தின் சன்ஹெத்ரின் 43ஆம் ஏட்டில், தணிக்கைக்குத் தப்பிய படிகளில், யேசுவின் சீடர் ஐவரை விசாரித்த கதை ஒன்று உண்டு. ஒவ்வொருவனும் தன் பெயரில் ஒரு வேதவாக்கியத்தைக் காட்டித் தப்பப் பார்க்கிறான். நீதிபதிகள் அதே பெயர் வரும் வேறொரு வாக்கியத்தைக் காட்டித் தண்டிக்கிறார்கள். மூன்றாமவன் பெயர் நேத்ஸெர். அவன் ஏசாயா 11:1ஐ எடுத்து வீசுகிறான். அவர்கள் 14:19ஐ எடுத்து அவன் வாயை அடைக்கிறார்கள். வரலாறாக இதை யாரும் கொள்ளவேண்டாம். ஆனால் கிறிஸ்தவருக்கு எபிரெயத்தில் நோத்ஸ்ரீம் என்ற பெயர் வழங்கியபோது, அந்தப் பெயருக்கும் ஏசாயாவின் முளைக்கும் உறவு உண்டு என்று இரு தரப்புமே அறிந்திருந்தார்கள் என்பதற்கு இதைவிடப் பகைமையான, ஆகவே இதைவிட நம்பத்தக்க, சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை.

‘கிரேக்கத்தில் ஊர்ப்பெயர் ஸீட்டாவோடு அல்லவா இருக்கிறது?’ என்பார்கள். நியாயமான கேள்வி. எபிரெய த்ஸாதே கிரேக்கத்துக்குப் போகும்போது சிக்மாவாவது வழக்கம்: சீயோன், சீதோன், மெல்கிசேதேக்கு எல்லாம் அப்படியே. ஸாயின்தான் ஸீட்டாவாகும்: சகரியா, செபுலோன். ஆகவே நாஸரேத் என்ற கிரேக்க எழுத்து ஸாயினைக் காட்டுகிறதே என்று விரதக் கட்சியார் மார்தட்டுவது நெடுங்காலம் நடந்தது. 1962இல் செசரியாவில் எருசலேம் எபிரெயப் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்தபோது பளிங்குக் கல்வெட்டுத் துண்டுகள் கிடைத்தன. இருபத்து நான்கு ஆசாரிய வகுப்புகளும் கலிலேயாவில் எந்தெந்த ஊரில் குடியிருந்தன என்ற பட்டியல் அது, கி.பி. 3, 4ஆம் நூற்றாண்டு எழுத்து. பதினெட்டாம் வகுப்பின் ஊர் நாசரேத்து. எழுத்து த்ஸாதே. கல்லில் வெட்டிய எழுத்தைக் கிரேக்க ஸீட்டா அழித்துவிட முடியாது. சிரியாக் மொழியில் எழுதிய வேதமும் அதே எழுத்தைத்தான் வைத்திருக்கிறது. அரபு மக்கள் இன்றும் அந்த ஊரை அந்-நாஸிரா என்று ஸாத் எழுத்திட்டே வழங்குகிறார்கள். த்ஸாதே ஸீட்டாவாகத் திரிவதற்கு எழுபதின்மரிடமே எடுத்துக்காட்டு உண்டு: லோத்து ஓடிப்போன சோவார், ஆதியாகமம் 13:10இல் ஸோகோரா. வழக்கு இதோடு முடிந்தது.

முடிந்த வழக்கை முதலில் தொடங்கி வைத்தவர் எரோணிமுஸ். 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏசாயாவுக்கு உரை எழுதியபோது, மத்தேயு சொன்ன தீர்க்கதரிசனம் எங்கேயும் நேராகக் கிடைக்கவில்லையே என்று தேடுவோருக்கு, எபிரெயம் கற்றோர் அதை 11:1இல் காண்கிறார்கள் என்று குறித்தார். அங்கே உள்ள எழுத்து த்ஸாதே என்றும், இலத்தீன் நாக்குக்கு வராத ஓர் இடைப்பட்ட ஒலி அது என்றும் சேர்த்தே எச்சரித்தார். பெத்லகேமில் உட்கார்ந்து எபிரெயம் படித்தவருக்கு ஆயிரத்து அறுநூறு ஆண்டுக்கு முன் தெரிந்தது, அச்சும் அகராதியும் வந்தபின் நம் பிரசுரகர்த்தருக்குத் தெரியவில்லை. மத்தேயு ‘தீர்க்கதரிசிகள்’ என்று பன்மையில் சொல்வதால் அவர் ஒரு வாக்கியத்தை எடுக்கவில்லை, பலர் வாயிலும் வந்த ஒரு கருத்தையே எடுத்தார் என்று எரோணிமுஸ் வேறோர் உரையில் சொன்னதும் பொன்னான குறிப்பு. அந்தப் பலர் யார்? ஏசாயாவுக்குத் துணையாக எரேமியாவும் சகரியாவும் நிற்கிறார்கள். அவர்களுடைய சொல் வேறு, அதையும் பார்த்துவிடுவோம்.

அது த்ஸெமாக். முளைத்தது, எழுந்தது என்று பொருள். எரேமியா 23:5இல் தாவீதுக்கு எழுப்பப்போகும் நீதியான த்ஸெமாக். ஆட்சியில் அப்போது இருந்தவன், அல்லது இருக்கப்போகிறவன், சிதேக்கியா. பாபிலோன் ராஜா வைத்த அரசன். அவன் பெயருக்குப் பொருள் ‘கர்த்தர் என் நீதி’. எரேமியா அடுத்த வசனத்திலேயே வரப்போகிறவனின் பெயர் ‘நம்முடைய நீதியாயிருக்கிற கர்த்தர்’ என்று திருப்பிப் போடுகிறார். இருக்கிற ராஜாவுக்கு விழுந்த அடி அது. இதில் ‘நீதியான’ என்பதை ஒழுக்கமாக மட்டும் படிக்கிறோம். சைப்பிரஸ் தீவில் கிடைத்த கி.மு. 3ஆம் நூற்றாண்டுப் பெனிக்கியக் கல்வெட்டு ஒன்றில் இதே இரு சொற்களும் அருகருகே நிற்கின்றன. அங்கே பொருள் ‘முறையான வாரிசு’. அரண்மனை வழக்கிலிருந்த தொடரைத்தான் தீர்க்கதரிசி எடுத்தாண்டார். சட்டப்படி உரிமையுள்ளவன், அயலான் நட்டுவைத்தவன் அல்லன் என்ற குத்தல் அதில் இருக்கிறது.

சிறையிருப்பிலிருந்து திரும்பியபின், கி.மு. 520ஐ ஒட்டி, சகரியா அதையே ஆளின் பெயராக்கிவிடுகிறார்: அவன் பெயர் த்ஸெமாக். அவர் கண்ணுக்கு முன்னால் தாவீதின் வழியில் நின்றவன் செருபாபேல். செருபாபேல் என்ற பெயரே பாபிலோனிய மொழியில் ‘பாபிலோனின் வித்து’. வித்து பாபிலோனுடையது, முளை தாவீதுடையது! சகரியா இதை எண்ணித்தான் சொன்னாரா என்று நிறுவ முடியாது. எண்ணாமல் சொல்லியிருப்பார் என்று நான் நம்பவில்லை. செருபாபேல் சரித்திரத்திலிருந்து சத்தமில்லாமல் மறைந்தான், பெயர் மட்டும் காத்திருந்தது. கும்ரான் குகைச் சுருள்களில் அது ‘தாவீதின் த்ஸெமாக்’ என்று மேசியாவின் பட்டமாகவே ஆகிவிட்டது. யூதர் இன்றும் நாள்தோறும் சொல்லும் பதினெண் மன்றாட்டில் தாவீதின் த்ஸெமாக் விரைவில் எழவேண்டும் என்று வேண்டிக்கொள்கிறார்கள். ஒரே உருவகத்தை இரு சமயத்தார் பற்றியிருக்கிறார்கள். ஒருவர் வந்தாயிற்று என்கிறார், ஒருவர் வரவேண்டும் என்கிறார்.

இங்கே ஒரு வேடிக்கை நடந்தது. எழுபதின்மர் த்ஸெமாக்கை அனதோலே என்று பெயர்த்தார்கள். கிரேக்கத்தில் அந்தச் சொல் செடி எழுவதற்கும் ஆகும், சூரியன் எழுவதற்கும் ஆகும். கிழக்குத் திசைக்கும் அதுவே பெயர். படித்தவர் காதில் செடி உதிர்ந்து சூரியன் தங்கியது. லூக்கா 1:78இல், யோவான் ஸ்நானகனின் தகப்பனான சகரியாவின் பாட்டில் வரும் அனதோலே நம் திருப்புதலில் அருணோதயம். சரியான மொழிபெயர்ப்புத்தான், அடுத்த வசனத்தில் இருளும் வெளிச்சமும் வருகின்றன. ஆனாலும் உள்ளே ஒரு முளை புதைந்திருக்கிறது என்று அறிந்து படிப்பவர் சிலர். இலத்தீனில் சகரியா 6:12 இன்னும் தூரம் போய், அவன் பெயர் கிழக்கு என்றே நின்றுவிட்டது. 2ஆம் நூற்றாண்டின் யுஸ்தினு யாக்கோபின் நட்சத்திரத்தையும் ஈசாயின் முளையையும் ஒரே வாக்கியமாக்கி, முழுவதையும் ஏசாயா தலையில் கட்டினார். மேற்கோளில் பிழை, உணர்வில் பிழையில்லை. வெளிப்படுத்தின விசேஷத்தின் கடைசி அதிகாரத்தில் தாவீதின் வேரும் விடிவெள்ளியும் ஒரே மூச்சில் வருகின்றனவே! செடியும் சுடரும் அந்த மரபில் ஒட்டிப் பிறந்தவை.

நேத்ஸெருக்கு எழுபதின்மர் இழைத்தது வேறு. அதைப் பூ என்று பெயர்த்தார்கள். இலத்தீனும் பூ என்றே கொண்டது. கூடவே அதே வசனத்திலுள்ள ஹோதெர் என்ற இணைச்சொல் இலத்தீனில் விர்கா, அதாவது கோல், என்றானதும் விர்கோ என்ற கன்னியோடு ஓசையொத்துவிட்டது. கோல் மரியாள், பூ கிறிஸ்து என்று விளக்கம் பெருகிற்று. 12ஆம் நூற்றாண்டில் சேன் தெனியிலும் ஷார்த்திரிலும் கண்ணாடியில் எழுதிய ஈசாயின் மரத்தைப் பாருங்கள்: படுத்திருக்கும் ஈசாயிலிருந்து வெட்டே படாத முழு மரம் ராஜாக்களைக் கிளைகளாகத் தாங்கி வானளாவுகிறது. கண்ணுக்கு விருந்து. ஏசாயாவுக்கு நேர்மாறு. அவருடைய மரத்தில் ராஜாக்கள் ஒருவரும் மிஞ்சவில்லை. அதனால்தானே தாவீதின் பெயரைச் சொல்லாமல் ஈசாயின் பெயரைச் சொன்னார். அரண்மனை போய், பெத்லகேமின் ஆட்டுக்காரக் கிழவன் அளவுக்குக் கதை திரும்பிப் போய்விட்டது.

தமிழுக்கு வருவோம். நம் பழைய திருப்புதல் ஹோதெரைத் துளிர் என்றது, நன்று. நேத்ஸெரைக் கிளை என்றது. த்ஸெமாக்கையும் கிளை என்றது. எபிரெயத்தில் இரண்டாக நின்றவை தமிழில் ஒன்றாயின; அந்த ஒன்றும் நின்ற மரத்துக்கே உரிய சொல். வேரிலிருந்து கிளை எழாது, தண்டிலிருந்துதான் பிரியும். முழு மரத்தில் கிளை உண்டு, கட்டையில் எங்கே கிளை? கிளைக்கு ஆதரவாக ஒன்று சொல்லலாம், சொல்லவும் வேண்டும். தொல்காப்பிய மரபியலில் மரத்தின் உறுப்புகளை அடுக்கும் நூற்பாவில் கோடும் சினையும் இருக்கின்றன, கிளை இல்லை. பழந்தமிழில் கிளை என்றவுடன் முந்திக்கொள்ளும் பொருள் சுற்றம்.  அந்த வகையில் ‘தாவீதின் கிளை’ என்பது தாவீதின் உறவு என்றும் ஒலிக்கும். மொழிபெயர்த்தவர்கள் அதைக் கருதியிருந்தால் பாராட்டலாம். ஆனால் சுற்றம் என்பது பக்கவாட்டில் விரிவது. ஏசாயா சொல்வது கீழிருந்து மேலே வருவது.

அதற்குத் தமிழில் சொல் இருக்கிறது: கான்முளை. மகன், வழித்தோன்றல் என்று அகராதிகள் பொருள் எழுதும் பழஞ்சொல். கால் + முளை. லகரம் மகரத்தின் முன் னகரமாயிற்று. கல்லும் மலையும் சேர்ந்து கன்மலை ஆகவில்லையா? கர்த்தரைக் கன்மலை என்று ஞாயிறுதோறும் பாடுகிறவர்களுக்குக் கான்முளை என்ற புணர்ச்சி கசக்க நியாயமில்லை. இதிலுள்ள காலை ‘வழி’ என்று கொள்வாரும் உண்டு, கால்வழி என்ற சொல்லைக் காட்டுவார்கள். நான் அப்படிக் கொள்ளவில்லை. கால்வழியிலும் கால் என்பது அடிதான். அடியிலிருந்து வந்த வழியே கால்வழி. கொடிவழி, குலக்கொழுந்து, வாழையடி வாழை என்று தமிழன் குலத்தைப் பேசும்போதெல்லாம் தோட்டத்துக்குள்தான் நிற்கிறான். தாய்மரத்தை வெட்டியபின் அதன் அடியில் நிற்கும் கன்றைக் கண்டு அமைந்த தொடரல்லவா வாழையடி வாழை? ஏசாயாவுக்கு வாழை தெரியாது. தெரிந்திருந்தால் ஒலிவத்தை விட்டிருப்பார். அடியில் முளைத்தது, ஆகவே குலத்தின் வாரிசு: நேத்ஸெர் சொல்வது இதுவே, கான்முளை சொல்வதும் இதுவே.

இப்படிச் சொன்னவுடன் ‘நேத்ஸெரே தமிழ்ச்சொல்தான்’ என்று கிளம்பும் கூட்டத்துக்கும் ஒரு வார்த்தை: இல்லை. இரு மொழியும் தனித்தனியே தம் தம் தோட்டத்தைப் பார்த்துச் சொல் ஆக்கின, அவ்வளவே.

த்ஸெமாக்குக்குத் தோன்றல் போதும். தோன்றுதல், தலைவன், மகன் மூன்றும் அதற்குப் பொருள். கம்பன் இராமனைத் தோன்றல் என்னும்போது எந்தப் பொருள் என்று கேட்டால், எல்லாம்தான். ஞாயிறும் தோன்றும், முளையும் தோன்றும். அனதோலே என்ற கிரேக்கம் இரண்டாகப் பிளந்து போட்டதைத் தோன்றல் ஒன்றாக வைத்துக்கொள்கிறது. ஏசாயா 53இன் யோனேக்குக்கு இன்னும் எளிது. அது பால்குடிக்கும் பிள்ளைக்கும் இளஞ்செடிக்கும் ஒரே சொல். எழுபதின்மர் குழந்தை என்று பெயர்க்க, நாம் இளங்கிளை என்றோம். கன்று என்றால் என்ன குறைந்துவிடும்? ஓரறிவுயிரைப் பிள்ளை, குழவி, கன்று, போத்து என்று வழங்கலாம் என மரபியல் முன்பே இடம் கொடுத்துவிட்டது. தென்னம்பிள்ளை என்றும் மாங்கன்று என்றும் தினமும் சொல்கிற நாட்டில் யோனேக்குக்குச் சொல் தேடி அலையத் தேவையில்லை.

ஊருக்கே முளையினால் பெயர் வந்ததா என்று கேட்பீர்கள். நாசரேத்து பழைய ஏற்பாட்டில் இல்லை. கலிலேயாவில் 204 ஊர்கள் என்று கணக்குச் சொன்ன யூத வரலாற்றாசிரியர் யோசேப்பும் இதன் பெயரைச் சொல்லவில்லை. சிற்றூர். இயேசுவின் உறவினர் நஸாராவிலும் கோக்காபாவிலும் வாழ்ந்தார்கள் என்று யூலியு ஆப்பிரிக்கானு எழுதியதை யூசேபியு காப்பாற்றி வைத்திருக்கிறார். கோக்காபாவின் பெயரில் நட்சத்திரம் இருக்கிறது. தாவீதின் வழியினர் ஓர் ஊருக்கு முளையையும் ஓர் ஊருக்கு விண்மீனையும் பெயராக இட்டார்கள் என்று இதைக்கொண்டு சொல்வாரும் உண்டு. அழகாக இருக்கிறது. அழகாக இருப்பதாலேயே ஐயப்படுகிறேன். காவல் என்று பொருள்படும் இன்னொரு நாத்ஸர் வேரும் அதே எழுத்துக்களில் இருக்கிறது. குன்றின்மேல் காவலிருந்த ஊர் என்பாருக்கும் இடமுண்டு. ஊர் எப்படிப் பெயர் பெற்றிருந்தாலும் மத்தேயு அதை நேத்ஸெர் என்று கேட்டார் என்பதே என் துணிபு. யூத ஆசான்கள் பெயரைக் கேட்கும் முறை அது. சன்ஹெத்ரின் நீதிபதிகளும் அப்படியே கேட்டார்கள்.

திருத்தக் குழுக்களில் உட்காருவோருக்கு ஒரு விண்ணப்பம். ஏசாயா 11:1இல் கான்முளையை ஏற்க மனமில்லையென்றால் முளை என்றாவது போடுங்கள், கிளை வேண்டாம். விரதக்காரனை நாசீர் என்று எழுதி நசரேயனிலிருந்து பிரித்துவிடுங்கள். மத்தேயு 2:23க்கு அடிக்குறிப்பில் ஒத்துவாக்கியம் ஒன்று காட்டுவதானால் ஏசாயா 11:1ஐக் காட்டுங்கள். நியாயாதிபதிகள் 13:5ஐக் காட்டாதீர்கள்.